ஹார்டு டிஸ்க் டக் டக் என்கிறதா? ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைப் படியுங்கள்

முகூர்த்த மாதம் முடிந்து ஆல்பம் வேலை சூடுபிடிக்கிற நாட்களில் எனக்கு இப்படி ஒரு போன் வராமல் இருக்காது.

"அண்ணே, டிஸ்க்கைப் போட்டா டக் டக்குனு சத்தம் வருது. மூணு வாட்டி கழட்டி மாட்டிப் பாத்துட்டேன். இப்ப லைட் எரியுது, ஆனா டிரைவ் வரல."

"இப்பவும் ஓடிட்டிருக்கா?"

"ஆமாண்ணே."

"பிடுங்குப்பா முதல்ல. மீதியை அப்புறம் பேசலாம்."

அந்த மீதிதான் இந்தக் கட்டுரை. நான் ரெக்கவரி லேப் நடத்துகிறவன் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையைச் சுற்றியிருக்கும் போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் எடிட்டிங் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவன். வீட்டிலேயே தேற்றக்கூடிய டிஸ்க் எது, தொடாமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டிய டிஸ்க் எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு இத்தனை வருஷத்தில் அடிபட்டிருக்கிறேன்.

முதல் அடி என் வீட்டிலேயே. அப்பாவுடைய அறுபதாம் கல்யாண வீடியோ இருந்த டிஸ்க் மெதுவாகத் திறந்தது. 'டிரைவில் கோளாறு இருக்கிறது, ஸ்கேன் செய்து சரி செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டது. சரி என்று அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் டிஸ்க் கிர்ர் என்று அரைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த மெஷினிலும் அது தெரியவே இல்லை. விண்டோஸ் அப்படி ஓட்டும் செக்டிஸ்க் பார்ப்பது ஃபைல்களின் கணக்குப் புத்தகத்தை. புத்தகத்தில் வரி சரியில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு மேலே போகும். உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட் தடுமாறுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ராத்திரி முழுக்க அதே கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி, இருந்த கொஞ்ச உயிரையும் அது வாங்கிவிட்டது.

சாகக்கிடக்கிற டிஸ்க்கில் மிச்சமிருப்பது சில மணி நேரம்தான், சில சமயம் சில நிமிடம். அதை ரிப்பேருக்குச் செலவழிக்கக் கூடாது, காப்பி எடுக்க மட்டும் செலவழிக்க வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, டெஸ்க்டாப் டிஸ்க் 7200 சுற்று. 7200 என்றால் ஒரு வினாடிக்கு 120 சுற்று. அந்த வேகத்தில் சுழலும் பிளாட்டருக்கு, அதாவது டேட்டா எழுதியிருக்கும் தட்டுக்கு, மேலே ரீட் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு தூசி மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் எவராவது சமையலறை மேஜையில் வைத்து மூடியைத் திறந்து காட்டினால், பார்த்துவிட்டுப் போங்கள், செய்யாதீர்கள்.

முதல் படி: காது கொடுங்கள், ஒரே ஒரு தடவை

மாட்டுவதற்கு முன்னால் போனில் ரெக்கார்டிங் போடுங்கள். டிஸ்க்கைத் தட்டையாக மேஜையில் வைத்து மாட்டி, 15, 20 வினாடி சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கழற்றிவிடுங்கள். லேபுக்குப் போவதானால் இந்த ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், அவர்கள் பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டத் தேவையில்லை.

சீராக டக்... டக்... டக் என்று அடித்து, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று ஹெட்டுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஹெட் போயிருக்கும். வீட்டு வைத்தியம் கிடையாது.

சின்ன போர்ட்டபிள் டிஸ்க்கிலிருந்து பீப், பீப் என்று மெல்லிய முனகல் வந்தால், மோட்டார் சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. கீழே விழுந்த டிஸ்க்குகளில் இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஹெட் பிளாட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'லேசா ஒரு தட்டு தட்டுங்க' என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். தட்டினால் பிளாட்டரில் கோடு விழும், ஹெட் பிய்த்துக்கொண்டு வரும்.

கிர்ர், சர்ர் என்று உலோகம் உரசும் சத்தம்தான் எல்லாவற்றையும்விட மோசம். டேட்டா பூசியிருக்கும் பூச்சு அந்த நிமிடம் தூளாகிக்கொண்டிருக்கிறது. லேபுக்கே கஷ்டம்.

சத்தமே இல்லையா? சுற்றவே இல்லையா? அதில் கொஞ்சம் நல்ல சேதி இருக்கலாம். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தவறுதலாக லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரைச் சொருகியவர்கள் பலர், பின் ஒரே மாதிரி இருக்கும். அப்போது அடிபடுவது பெரும்பாலும் போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு. உள்ளே இருப்பது பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதே மாடல் போர்டை வேறு டிஸ்க்கிலிருந்து கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது பழைய காலத்து டிஸ்க்குக்குச் சரி. இப்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதற்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சின்ன ரோம் சிப்பில் எழுதியிருக்கும். பழைய போர்டின் சிப்பை எடுத்துப் புதிய போர்டில் வைத்தால்தான் வேலை செய்யும்.

சத்தம் எப்போதும்போல் இருக்கிறது, டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, காப்பி பாதியில் நிற்கிறது. இந்த ரகம்தான் வீட்டில் தேற்றக்கூடியது. இனி வருவது இதற்குத்தான். மேலே சொன்ன சத்தங்களில் ஏதாவது கேட்டிருந்தால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கேபிளைச் சந்தேகப்படுங்கள்

போர்ட்டபிள் டிஸ்க்கோடு வரும் அந்த அகலமான கேபிள், பையில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோவது சகஜம். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் கரன்ட் போதாமல் டிஸ்க் விட்டு விட்டு வருவதும் உண்டு. வேறு கேபிள், பின்பக்க போர்ட், ஒரே ஒரு முயற்சி. பத்து முயற்சி வேண்டாம்.

டிஸ்க் வந்ததும் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள்.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பை, பாருங்கள். மூன்று வரி போதும். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னத் துண்டு இடங்கள்). சி5, படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6, படிக்கவே முடியாது என்று கைவிட்டவை. கடைசிப் பத்தியில் இருக்கும் எண் முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்க் ஓய்வுபெறத் தயாராகிவிட்டது. எண்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். 'முழு சோதனை' என்று ஒரு பட்டனைப் பார்த்தால் அழுத்தாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் ஒரு தடவை படிக்கும். டிஸ்க்குக்கு ஒரு முழுச் சுற்றுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் அது காப்பிக்குப் போகட்டும்.

காப்பி எடுக்கும் வேலை

வேண்டியது ஐந்து ஜிபிக்குள் அடங்கும் ஒரே ஒரு ஃபோல்டர், அதுவும் உடனே திறக்கிறது என்றால், முதலில் அதை மட்டும் காப்பி செய்துவிடுங்கள். பத்திரம், மார்க் ஷீட் ஸ்கேன் மாதிரியானவை இந்தக் கணக்கில் வரும். ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டால் காத்திருக்காமல் ரத்து செய்யுங்கள். மற்ற எதற்கும் விண்டோஸின் காப்பி பேஸ்ட் லாயக்கில்லை. ஒரு கெட்ட இடத்தில் நின்று முட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த இடத்துக்கு நகராது.

நமக்கு வேண்டியது டிடிரெஸ்க்யூ. இலவசம், லினக்ஸில் ஓடும். நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொள்ளும், கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதிக்கும், குதித்த இடத்தையெல்லாம் மேப் ஃபைல் என்ற குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் ஒரு இலையில் சாம்பாரா ரசமா என்று முடிவாகாவிட்டால் அடுத்த இலைக்குப் போவார் இல்லையா, அதே புத்தி.

தயார் செய்துகொள்ள வேண்டியவை: சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் எழுதிய ஒரு பென் டிரைவ் (டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கிறது, உபுண்டுவில் என்றால் பேக்கேஜ் பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்த்துத் தேட வேண்டும்). பழைய டிஸ்க்கைவிடப் பெரிய நல்ல டிஸ்க் ஒன்று, 1 டிபிக்கு 2 டிபி. அது என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக இருக்கட்டும், ஃபேட்32 ஒரு ஃபைலுக்கு 4 ஜிபி தாண்டாது. ஒரு சின்ன டேபிள் ஃபேன். மே மாதத்தில் சென்னை வீட்டு ஹாலில் தடுமாறும் டிஸ்க் ஐம்பது டிகிரியைச் சுலபமாகத் தொடும், காற்று அதன்மேல் படட்டும். கரன்ட் போனால் நடுவில் நிற்காமல் இருக்க லேப்டாப்பில் செய்வது நல்லது, அடாப்டர் போட்ட டிஸ்க் என்றால் யூபிஎஸ்.

உள்ளே இருந்த டெஸ்க்டாப் டிஸ்க்கை நேராக மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். யூஎஸ்பி நடுவில் இருந்தால் ஒவ்வொரு தவறுக்கும் இணைப்பே அறுந்து அறுந்து வரும். போர்ட்டபிள் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி சாட்டாவில் மாட்டலாமா என்று கேட்பார்கள். சில டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்ட் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், சாட்டா இருக்காது. வேறு சிலவற்றில் அந்தப் பெட்டியின் சிப்தான் டேட்டாவைப் பூட்டித் திறக்கும், கழற்றினால் குப்பையாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் கழற்றாதீர்கள்.

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்புங்கள். எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை கொடுத்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்குகள் வரிசையாக வரும். அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாடலையும் சீரியல் நம்பரையும் காட்டச் சொல்லி, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். நான் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் 'நோயாளி' என்று எழுதிப் பழைய டிஸ்க் மேல் ஒட்டிவிடுவேன். ராத்திரி ஒரு மணிக்கு அது தேவைப்படும். நோயாளி மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது லினக்ஸ் அதைத் திறந்து வைத்திருந்தால், அன்மவுன்ட் செய்துவிடுங்கள்.

கட்டளையில் மூன்று பெயர் வரும், இந்த வரிசையில்: நோயாளி டிஸ்க், நல்ல டிஸ்க்கில் உருவாகப்போகும் இமேஜ் ஃபைலின் (நோயாளியின் முழுப் பிரதியும் ஒரே ஃபைலாக) பெயர், மேப் ஃபைலின் பெயர். அவற்றுக்கு முன்னால், ஹைபன் போட்டுச் சின்ன 'என்' சேர்த்தால் முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டிப் பார்க்காமல் விட்டுவிடும். காப்பியை டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு எடுக்காமல் ஃபைலாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதப்படும் இடத்தில் ஒரு முழு டிஸ்க்கின் பெயர் இருந்தால், 'ஃபோர்ஸ்' கொடுத்தால்தான் எழுதுவேன் என்று டிடிரெஸ்க்யூ அடம்பிடிக்கும். ஃபைலுக்கு எழுத அது தேவையில்லை. ஆகவே ஃபோர்ஸ் என்ற சொல் திரையில் வந்தால், பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டீர்கள், கையை எடுத்துவிடுங்கள்.

மேப் ஃபைலும் நல்ல டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். பென் டிரைவில் ஓடும் லினக்ஸின் 'ஹோம்' ஃபோல்டர் மெமரியில் மட்டும் இருப்பது. ஒரு முறை கரன்ட் போனால் மேப்பும் போகும், எங்கே விட்டோம் என்பது யாருக்கும் தெரியாது. மேப் இருந்தால் எத்தனை தடவை நிறுத்தினாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வினாடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபிக்கு சுமார் 2 மணி 45 நிமிடம். 98, 95, 91 என்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று 12 கேபி. டிஸ்க்கிலிருந்து க்ரக் என்று ஒரு சத்தம். தொடாதீர்கள். சில வினாடியில் குதித்து மறுபடி 90க்கு வந்துவிடும். ஆனால் 1 எம்பியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் 1 டிபிக்குப் பதினோரு நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நாள் அந்த டிஸ்க் தாங்காது. நிறுத்திவிட்டு யோசியுங்கள். டிஸ்க் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தாலும் உடனே நிறுத்துங்கள். மேப் ஃபைலை டிடிரெஸ்க்யூவியூ என்ற மென்பொருளில் திறந்தால் கட்டம் கட்டமாக வண்ணத்தில் காட்டும். கெட்ட கட்டங்கள் சம இடைவெளியில் பட்டை பட்டையாக வந்திருந்தால் பல ஹெட்களில் ஒன்று இறந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வீட்டில் முயலக் கூடாது, எடுத்த இமேஜோடும் மேப்போடும் லேபுக்குப் போகலாம்.

முதல் சுற்று 99 சதவீதம் தேறியிருந்தால், 'என்' இல்லாமல் இரண்டாவது சுற்று. பிறகு மீண்டும் முயலும் சுற்று மூன்று, பெரிய 'ஆர்' கொடுத்துப் பின்பக்கமிருந்து ஒரு சுற்று. பின்பக்கமிருந்து வரும்போது முன்னால் அடம்பிடித்த இடங்கள் சில சமயம் வழிவிடும். அதோடு போதும். மிச்சம் நாலைந்து எம்பிக்காக இரண்டு ராத்திரி ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நோயாளியைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். இனி எல்லாம் இமேஜில்தான். அதையும் முடிந்தால் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, டெஸ்ட்டிஸ்க் அல்லது டிஎம்டிஇ போன்றவற்றில் திறந்து, ஃபோல்டர் பெயரோடு ஃபைல்களை எடுக்கப் பாருங்கள். அது முடியாவிட்டால் மட்டும் ஃபோட்டோரெக். பெயர், ஃபோல்டர் எதுவும் இல்லாமல் வெறும் எண்ணாக ஆயிரக்கணக்கில் கொட்டும். போட்டோவுக்குப் பரவாயில்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் பெரிய வீடியோ அதில் முழுசாக வருவது அரிது. பிட்லாக்கர் போட்ட டிஸ்க்காக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் இமேஜ் இருந்தும் பயனில்லை, அதை முதலிலேயே தேடி வையுங்கள்.

தண்ணீரில் நனைந்தது

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த டிஸ்க் எனக்கு மறக்காது. மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, துடைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, எவ்வளவோ அக்கறையாகக் கொண்டுவந்திருந்தார். அந்த அக்கறைதான் தப்பு. சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தத்துக்காக ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். காய்ந்தால் சேறும் உப்பும் பிளாட்டரில் படிந்து ஒட்டிக்கொள்ளும். நனைந்த டிஸ்க்கைக் காயவிடாமல், ஈரத்துணி சுற்றிக் காற்றுப் புகாத கவரில் வைத்து, மாட்டிப் பார்க்காமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அரிசி டப்பாவும் வேண்டாம்.

ஃபிரீஸரும் வேண்டாம். இந்த யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஃபிரீஸரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தால் ஒரு நிமிடத்தில் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதுவே பிளாட்டரிலும்.

லேபுக்குப் போவது என்று முடிவானால்

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தால், நரசிங்கபுரம் தெருவிலும் சந்துகளிலும் 'டேட்டா ரெக்கவரி' போர்டு வரிசையாக இருக்கும். அவற்றில் கேபிளும் டோனரும் விற்றுக்கொண்டே ஓரமாக மென்பொருள் ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, உண்மையான லேபுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டும் உண்டு, சொந்தமாகக் கருவியும் சுத்தமான காற்று மேடையும் வைத்திருப்பவர்களும் உண்டு. போர்டைப் பார்த்துத் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

நான் கேட்பவை இவை. ஹெட் மாற்றுவது இங்கேயா, வெளியேயா? எங்கே வைத்துத் திறப்பீர்கள்? எந்த மெஷின்? (பிசி-3000 என்ற பெயர் வந்தால், சரியான ஆளிடம் பேசிக்கொண்டிருக்கலாம்.) திறப்பதற்கு முன் எனக்குப் போன் செய்வீர்களா? பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டா? ஹெட் எடுப்பதற்காக வாங்கும் இன்னொரு டிஸ்க்கின் (டோனர் டிஸ்க் என்பார்கள்) விலை யார் தலையில்? டேட்டா வராவிட்டால் எவ்வளவு? பணம் கட்டும் முன் ஃபைல் லிஸ்ட் காட்டுவீர்களா? என் டேட்டாவின் பிரதியை எத்தனை நாளில் அழிப்பீர்கள்? வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் போன் என்று சொன்னதற்குக் காரணம், ஒரு கடையில் கொடுத்த டிஸ்க் 'ஒண்ணும் பண்ண முடியாது சார்' என்று திரும்பி வந்தது. வாங்கிய பிறகுதான் பார்த்தேன், மூடியின் ஸ்க்ரூ ஒன்று புதிது. அடுத்து கொண்டுபோன லேபில் திறந்து விளக்கடியில் காட்டினார்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் பிளாட்டரின் ஓரத்தில், ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மென்பொருளால் முடிகிற வேலை சில ஆயிரத்தில் முடியும், ஹெட் மாற்றினால் ஒரு நல்ல போன் விலைக்குப் போகும். வாரன்டி இருக்கிறதே என்று கம்பெனியிடம் கொடுத்தால் புது டிஸ்க் வரும். பழையது அவர்களிடம் போய்விடும், உள்ளே இருந்ததும் அதோடு போகும்.

எல்லாம் தேறிய பிறகும் பழைய டிஸ்க்கை இரண்டு மாதம் வைத்திருங்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை வந்து 'ஊஞ்சல் போட்டோவைக் காணோமே' என்று கேட்பது எப்போதும் தாமதமாகத்தான். அதற்குப் பிறகு காயலான் கடையில் போடுவதானால், டிரில்லரில் பிளாட்டர் வரைக்கும் நாலு துளை போட்டுவிட்டுப் போடுங்கள். லேப்டாப் டிஸ்க் என்றால் பிளாட்டர் பெரும்பாலும் கண்ணாடி, உடைந்து தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிஸ்க்கை ஒரு பழைய துணியில் சுற்றித் துளை போடுங்கள்.